சொல்லாத புள்ளி

மார்ச் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, பேருந்துப் பணிமனையின் பின்தெருவில் உள்ள ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இரண்டு ஏழுகளையும் இரண்டு எட்டுகளையும் விரித்து வைத்தார். எல்லார் கையோடும் சேரும் வெட்டுச் சீட்டாக ஒன்பது திறந்திருந்தது. ஐந்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு" என்றார். அந்தக் கையின் மதிப்பு இருபத்திநான்கு.

"கொள்ளை!" என்று கத்தி மேசையைத் தட்டினார் அவருடைய மனைவியின் அண்ணன். மீதிப் பன்னிரண்டும் அண்ணன் பக்கம் போனது.

ஆட்டத்தின் பெயர் கிரிபேஜ். கப்பலில் வேலை பார்த்த அண்ணனுடைய அப்பா அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது. கூட்டினால் பதினைந்து வரும் சீட்டுகளுக்குப் புள்ளி, ஜோடிக்குப் புள்ளி, வரிசைக்குப் புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் ஒதுக்கிப் போடும் சீட்டுகள் சேர்ந்து 'பெட்டி', அதன் புள்ளி அந்தச் சுற்றில் சீட்டுப் போடுகிறவருக்கு. துளை போட்ட மரப்பலகையில் முளைகளை நகர்த்திக்கொண்டே போய் நூற்றிருபத்தொன்றை முதலில் தொடுகிற பக்கம் ஜெயிக்கும். அவரவர் கையை அவரவரே எண்ணி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட்டாளி உதவக் கூடாது. சொல்லாமல் விட்டதை எதிராளி கண்டுபிடித்தால் அது எதிராளிக்கு. இதைத்தான் அந்த வீட்டில் கொள்ளை என்றார்கள்.

அண்ணனுக்குப் பல் செட்டு செய்கிற தொழில். பலகையின் பழைய முளைகள் தொலைந்தபோது, செட்டுக்கு ஊற்றுகிற அதே பிளாஸ்டிக்கில் புதிய முளைகளை வார்த்துவிட்டார். ஒரு பக்கத்துக்கு ஈறின் நிறம், மறுபக்கத்துக்குப் பல்லின் நிறம். வெள்ளிக்கிழமைதோறும் அவரும் அண்ணியும் ஒரு பக்கம், தங்கையும் அவருடைய கணவரும் மறுபக்கம்.

தங்கைக்கு நாற்பதைத் தாண்டித்தான் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், போட்டோவுக்கு நிற்காமல் வேலைக்குப் போய்விட்டார். விரோதம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை யார் எவர் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது புதுத் தம்பதி இருந்தது லிஃப்ட் கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில். ஏப்ரல் கடைசிக்குள் அதைக் காலி செய்ய வேண்டும். அண்ணன் வீட்டின் மேல்மாடி இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. தங்கை வளர்ந்த வீடு அது, வேலை பார்க்கும் ரத்த வங்கியும் நடக்கிற தூரத்தில் இருந்தது. கேட்டிருந்தார். "பார்க்கலாம்" என்றிருந்தார் அண்ணன். அந்த வீட்டில் "பார்க்கலாம்" என்பது கதவைச் சாத்தாமல் தாழ்ப்பாளில் கை வைத்திருப்பது மாதிரி.

அன்று திரும்பும் பேருந்தில் தங்கை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இருபத்திநாலு. ஒரு மாசமா தரையில உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். பத்தாவது நாளே என்னை ஜெயிச்சீங்க. அங்க போய் பன்னிரண்டாம்!"

"உங்க அண்ணன் சிரிச்சார்ல?"

"உங்களைப் பார்த்துச் சிரிச்சார்."

"யாரைப் பார்த்துச் சிரிச்சா என்ன? நமக்கு வீடு வேணும்."

அவர் விளக்கினார். லிஃப்டைப் பழுது பார்த்து முடித்ததும் கட்டிடத்துச் செயலாளர் வந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் அந்த மனிதருக்கு வேலையில்லாமல் போய்விடும், அந்தக் கடுப்பில் கையெழுத்துக்கு நாலு நாள் அலையவிடுவார். அதனால் உள்ளே ஒரு பல்பை மட்டும் சரியாகத் திருகாமல் விட்டுவிடுவது. செயலாளர் அதைக் கண்டுபிடிப்பார், சத்தம் போடுவார், சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்.

"எங்க அண்ணன் செயலாளர் இல்ல."

"எல்லா வீட்டுக்காரரும் செயலாளர்தான்."

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் பல்புகள் கழன்றபடி இருந்தன. ஒரு நாள் வரிசையை விட்டார், ஒரு நாள் ஜோடியை விட்டார். அண்ணன் ஒன்றையும் தவறவிடவில்லை. சொந்த ஆட்டத்தை விட மாப்பிள்ளையின் கையை எண்ணுவதில்தான் அவருக்கு ருசி வந்திருந்தது. தங்கை மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டாளி வாய் திறக்கக் கூடாதே.

ஏப்ரல் இரண்டாவது வெள்ளிக்கிழமை, சமையலறையில் தங்கை தட்டு கழுவும்போது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆள் தங்கம்தான். நான் ஒண்ணும் சொல்லல."

"ஆனா?"

"மேல மோட்டார் இருக்கு, தண்ணித் தொட்டி இருக்கு, ரெண்டு மீட்டர் இருக்கு. பதினைஞ்சு கூட்டத் தெரியாத மனுஷன்கிட்ட எப்படி விடறது? அவர் பார்க்கிற லிஃப்டுல ஏறுறவங்களை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அண்ணி ஈரத் துணியைப் பிழிந்தபடி, "நீங்க ஏறாதீங்க, படியில போங்க. தொப்பையாவது குறையும்" என்றார். தங்கை சிரிக்கவில்லை.

தெருவில் இறங்கியதும் கணவரிடம் சொல்லிவிட்டார். "உங்க பல்பு வித்தை நம்ம வீட்டையே இருட்டாக்கிடுச்சு. அடுத்த வாரம் ஒழுங்கா எண்ணுங்க."

மாப்பிள்ளை பணிமனைச் சுவர் முடியும் இடத்தில் நின்றார். பிறகு, "திடீர்னு ஒழுங்கா எண்ணினா, இத்தனை நாளும் வேணும்னே விட்டேன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

"எண்ணலன்னா வீடு இல்ல."

"எண்ணினாலும் சந்தேகம்தான்."

"ஆழம் தெரியாம காலை விட்டது நீங்கதானே? நீங்களே எடுங்க."

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் எண்ணினார். கையில் இரண்டு, மூன்று, பத்து, பத்தாகவே எண்ணப்படும் ராஜா. வெட்டுச் சீட்டு இன்னொரு பத்து. சீட்டுகளைத் தொட்டு நகர்த்தக்கூட இல்லை. "எட்டு" என்றார்.

அண்ணனின் உள்ளங்கை மேசைக்கு மேலே பாதி வழியில் நின்றது. அவரும் எண்ணினார். எட்டுதான். கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கை ஏழு, சரி. அதற்கடுத்தது பன்னிரண்டு, அதுவும் சரி.

"நல்லாத் தேறிட்டீங்க மாப்பிள்ளை."

"உங்க தயவு மச்சான்."

அடுத்த சுற்றில் அண்ணன் தன் கையை விரித்தார். இரண்டு ஐந்து, ஒரு பத்து, ஒரு ராஜா. வெட்டுச் சீட்டு மூன்று. பதினைந்துகள் நான்கு, அதற்கு எட்டு. ஐந்துகள் ஜோடி, அதற்கு இரண்டு. ஆக மொத்தம் பத்து.

"எட்டு" என்றார் அண்ணன்.

ஆட்டம் தெரிந்த யாருக்கும் கண்ணில் குத்துகிற ஜோடி. தங்கை வாயைத் திறந்தார். அண்ணன் அவரைப் பார்க்காமலே கையைக் காட்டினார். "நீ இரு."

மாப்பிள்ளையின் பார்வை இரண்டு ஐந்துகளின் மேலும் விழுந்தது, ஒரு கணம் அங்கேயே நின்றது, பிறகு சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"என்ன மாப்பிள்ளை, எட்டுதானே?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மச்சான்."

"பார்த்தீங்க. பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டீங்க." அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு அந்த இருபத்திநாலு, அதுவும் இப்படித்தானா?"

அண்ணி முந்திக்கொண்டார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காரு, நீங்களும் ரசிச்சுச் சாப்பிட்டிருக்கீங்க."

"உங்க வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு உங்களையே எப்படி மச்சான் தோற்கடிக்கிறது? அது மரியாதையா?"

"மரியாதையா? என் தொழில்ல செட்டு ஒரு மயிரிழை உயரமா இருந்தா நோயாளி கத்துவான். கத்தினாத்தான் நான் தேய்ச்சு சரி பண்ண முடியும். மரியாதைக்காக வலியைப் பொறுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறவனுக்குத்தான் வாயெல்லாம் புண்ணாகும்." அவர் எல்லா முளைகளையும் பிடுங்கித் தொடக்கத் துளையில் குத்தினார். "நாம ரெண்டு பேர் மட்டும் ஒரு ஆட்டம். விட்டுக்கொடுத்தீங்கன்னா பலகையைப் பரண்ல போட்டுடுவேன்."

பெண்கள் இருவரும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டார். அதற்குப் பிறகு மேசையில் எண்களைத் தவிர வேறு பேச்சு இல்லை. பாதியில் அண்ணன் அவசரத்தில் ஒரு பதினைந்தை உண்மையிலேயே தவறவிட்டார். மாப்பிள்ளை மேசையைத் தட்டினார், மெதுவாகத்தான். "கொள்ளை" என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

"சத்தமா" என்றார் அண்ணன்.

"கொள்ளை!"

மாப்பிள்ளை நூற்றிருபத்தொன்றைத் தொட்டபோது அண்ணன் எண்பத்தெட்டில் நின்றார். அந்தப் பலகையில் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை. அவரே எண்ணிப் பார்த்துவிட்டு, "நல்ல கை" என்றார்.

தங்கை காத்திருக்கவில்லை. "அண்ணே, மேல்மாடி?"

"இல்ல."

"இவருக்குக் கணக்கு தெரியலன்னு சொன்னே. இப்ப தெரியுதே?"

"கணக்கு தெரியுது. ஆளைத்தான் தெரியல." அண்ணன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினார். "ஆறு வாரமா ஒருத்தரோட ஆடினேன்னு நினைச்சேன். அந்த ஆள் இந்த மேசைக்கு வரவே இல்ல. இவரை எனக்கு இன்னிக்குத்தான் அறிமுகம். இன்னிக்கு அறிமுகமான ஆளுக்கு நாளைக்குச் சாவி கொடுக்க மாட்டேன். மேல குழாய் ஒழுகினாலும் மரியாதைக்குச் சொல்லாம இருப்பாரு, என் தலையில சொட்டினப்புறம்தான் எனக்குத் தெரியும்."

"இதை நீ மார்ச்சுலயே சொல்லியிருக்கலாம். பார்க்கலாம், பார்க்கலாம்னு எங்களை உட்கார வச்சியே, அது மட்டும் என்னவாம்? நீ 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா இவர் ஏன் இப்படி ஆடப்போறார்?"

அண்ணன் சீட்டுக்கட்டை மேசையில் தட்டி ஓரங்களைச் சமன் செய்தார். "சொல்லியிருக்கலாம்" என்றார். சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டார். "மச்சான், ஒண்ணு சொல்லட்டுமா? உங்க ஆட்டத்துல ஒரு தப்பு இருக்கு. பெட்டி எதிராளியோடதா இருக்கும்போதும் அதுல ஐந்தைப் போடறீங்க. அது அவங்களுக்குத்தான் லாபம்."

"இத்தனை நாளா தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் சீட்டுக்கட்டிலிருந்து ஓர் ஐந்தை உருவி எடுத்து, "உட்காருங்க. எப்பப்ப போடறேன்னு காட்டுங்க" என்றார். மாப்பிள்ளை உட்கார்ந்து காட்டினார். தங்கை அதுவரை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் அவர்கள் ரத்த வங்கியிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில், பொதுக் குளியலறை உள்ள ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அலமாரியைத் தூக்க அண்ணன் வந்தார். மேல்மாடிக்கு ஜூன் மாதம் ஒரு பள்ளி ஆசிரியை குடிவந்தார். வெள்ளிக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை.