வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொன்ன கார்

"திலினி இறங்கக் கூடாது. கால் நிலத்தில பட்டா எல்லாம் போச்சு," என்றாள் பெண்ணின் அம்மா அனுலா.

மணப்பெண் இறங்கவில்லை. கண்டிச் சேலையும் ஏழு அட்டிகையுமாக அவளைப் பின்சீட்டில் ஏற்றவே மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஏறியாயிற்று, எட்டு மணி பதினேழுக்குக் காரின் சில்லும் உருண்டாயிற்று. இனி இறங்கினால் சுபநேரம் முறிந்துவிடும். காரையும் அசைக்க முடியாது. காப்புறுதிக் கம்பெனியின் ஆள் வந்து படம் எடுக்கும்வரை மோதிய கார்கள் மோதியபடியே கிடக்க வேண்டும். ஆகவே குருநாகல் வெயிலில், பாதி வாசலுக்கு உள்ளேயும் பாதி வீதியிலுமாக, மணப்பெண் வேர்த்துக்கொண்டிருந்தாள்.

பிழை சோதிடரிடம் தொடங்கியது. பெண் வடக்கு முகமாகப் புறப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டு வாசலோ தெற்கே. பெண்ணின் அப்பா சேபால டயர் வியாபாரி, வழி கண்டுபிடிக்காமல் விடுவாரா? காரின் மூக்கை வடக்கே வைத்து, பின்பக்கமாக ஓட்டி வாசலைத் தாண்டினால் முகமும் வடக்கு, காரியமும் நடக்கும். சோதிடருக்கும் திருப்தி, வீதிக்கும் திருப்தி. நேரம் தவறக் கூடாதே என்று ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்தில் வைத்தார். மற்றக் கண்ணையும் அங்கேயே வைத்தார். பின்னால் நின்ற காரில் போய் இடித்தார்.

பின்னால் நின்றது அவருடைய அக்கா பியசீலியின் கார். கணவர் நிமல் இறந்த பிறகு, அவர் நடத்திய சாரதிப் பயிற்சியை அந்த ஒரே காரில் அவள் நடத்திவந்தாள். விடிந்ததும் கேக் பெட்டிகளோடு வந்தவளை அனுலா வாசலிலேயே மறித்திருந்தாள். "அக்கா, குறை நினைக்காதீங்க. பிள்ளை வெளிக்கிடுற நேரம் உங்கட முகத்தில முழிக்கக் கூடாது. அவ வடக்க பாத்துக்கொண்டு போவா. நீங்க அவவின்ட முதுகுப் பக்கம், வாசலுக்கு வெளிய நில்லுங்க." பியசீலி அப்படியே நின்றாள். ஒரு மணி நேரம், இயந்திரத்தை அணைத்து, ஹான்ட் பிரேக்கை இழுத்து.

இடித்தபோது தனக்கு ஏதாவது ஆனதா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சத்தங்கள் பக்கத்து வீட்டு வானொலி போலக் கேட்டன. நிமல் போன நாலு வருடமாக அவளுக்கு எல்லாமே அந்தத் தூரத்தில்தான் கேட்டுவந்தது.

சேபால ஒரு தாளோடு அவளுடைய ஜன்னலருகே வந்தார். முகத்தில் கடைச் சிரிப்பு. மலிவு டயரை நல்ல டயர் விலைக்குத் தள்ளும் நாளில் வருகிற சிரிப்பு.

"அக்கா, கம்பெனிக்காரனோட கதைச்சிட்டன். ஒரு ஆள் பிழையை ஒத்துக்கொண்டு எழுதிக் குடுத்தாப் போதுமாம். காரை இப்பவே எடுக்கலாம்."

"அப்ப எழுதிக் குடு மல்லி," என்றாள் பியசீலி தம்பியிடம்.

"நானா? அக்கா, பிள்ளை வெளிக்கிட்ட கையோட தகப்பன் இடிச்சான் எண்டா மாப்பிள்ளையின்ட அம்மா என்ன சொல்லுவா? சகுனம் பிள்ளையின்ட தலையில வந்து விழும். நீங்க குறுக்க வந்தீங்க எண்டா, சரி, விதவை குறுக்க வந்திட்டா எண்டு அதோட விட்டிடுவாங்க."

"கார் ஓடவே இல்லை."

"ஓடினது எண்டு ஒரு சொல்லுத்தானே."

"என்ட பேரில பிழை எழுதினா வாற வருஷம் பயிற்சிக் காருக்கு இன்சூரன்ஸ் தரமாட்டாங்க. கல்யாணக் காருக்குக் குறுக்க விட்ட டீச்சரிட்ட ஆர் ஓட்டப் பழக வருவாங்க?"

அனுலா வந்து சேர்ந்துகொண்டாள். "உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற பேர்தானே அக்கா. நிமல் அண்ணா போனதும் உங்கட சாதகத்தாலதான் எண்டு ஊரே சொல்லுது. இன்னொண்டு சேர்ந்தா என்ன?"

பியசீலி அவளைப் பார்த்தாள். கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தாள். வரவில்லை.

"இடமில்லை அனுலா," என்றாள். "இனி ஒண்டும் வைக்க இடமில்லை."

மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய கம்பெனி ஆள் கசுனுக்கு முப்பது வயதிருக்கும். கல்யாணக் கூட்டத்தைப் பார்த்து அவன் மிரளவில்லை. பியசீலியின் காரின் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தான். சில்லுகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். ஜன்னலுக்குள் கைவிட்டு ஹான்ட் பிரேக்கைத் தொட்டான்.

"எஞ்சின் குளிர்ந்து போயிருக்கு. எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"ஏழு மணியில இருந்து."

"இந்த இடத்தில ஆர் நிக்கச் சொன்னது?"

பியசீலி அனுலாவின் பக்கம் கையை நீட்டினாள். அனுலா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"தம்பி, உங்களுக்கு விளங்காது," என்றாள் அனுலா. "இவ புருஷன் இல்லாதவ. வெளிக்கிடுற நேரம் பின்னுக்கு நிண்டா இப்படித்தான் நடக்கும்."

கசுன் படிவத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தான். "அதுக்கு இதில கட்டம் இல்லை நோனா," என்றான் அனுலாவிடம் மரியாதையாக. "வேகம், மழை, பிரேக், கண்ணாடி, இவ்வளவுதான் இருக்கு." பிறகு சேபாலவிடம் திரும்பினான். "ஐயா, விதவையால எண்டு எழுதட்டா? எழுதலாம். ஆனா கம்பெனி ஒரு சதமும் தராது. ரெண்டு காரின்ட திருத்தச் செலவும் உங்கட தலையிலதான்."

சேபாலவின் சிரிப்பு காணாமல் போனது. அட்டிகைகளுக்கு நடுவிலிருந்து திலினி, "அப்பா, மூச்சு முட்டுது," என்றாள். மணமேடை ஏறும் சுபநேரம் பத்து மணி ஆறு நிமிடம். சேபால கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சொந்தக் கையால் எழுதினார்: பின்கண்ணாடியைப் பார்க்காமல் பின்னுக்கு எடுத்தேன். நின்ற காரில் இடித்தேன். பிழை என்னுடையது. கையெழுத்தும் வைத்தார்.

கசுன் படம் எடுத்ததும் கார்கள் பிரிந்தன. அனுலா ஓடிவந்து கேக் பெட்டிகளை மட்டும் வாங்கிக்கொண்டாள். "அக்கா, நீங்க மண்டபத்துக்கு வராம இருக்கிறது நல்லம். சாப்பாடு அனுப்பிவிடுறன்."

"சரி," என்றாள் பியசீலி.

கசுன் அவளுக்கு உரிய பிரதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பத்து மணி தாண்டித் தொலைபேசி துடித்தது. கல்யாணத்துக்கென்று குடும்பம் தொடங்கிய வாட்ஸப் குழு. நூற்றுப் பதினெட்டுப் பேர். அனுலா எழுதியிருந்தாள்: பியசீலி அக்காவின் கார் குறுக்கே வந்துவிட்டது. புத்தர் துணையால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. யாரோ ஒரு பெரியம்மா, அந்த மனுசியை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தாள். அடுத்துப் படங்கள்: போருவ என்ற மணமேடையில் திலினி, வெற்றிலை, விரல் கட்டும் நூல், கேக்.

பியசீலி ஒரு பதில் எழுதினாள், அழித்தாள். இன்னொன்று எழுதினாள், அதையும் அழித்தாள். பிறகு மடியிலிருந்த தாளைச் சுருக்கம் நீவி, தம்பியின் கையெழுத்து தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தாள். சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்காமல், கேக் படத்துக்கு அடுத்ததாக அதைப் போட்டாள்.

பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. முப்பது. எழுபத்திரண்டு. நூற்றுப் பதினேழு.

அதற்குப் பிறகு பதினாறு நிமிடம் அந்தக் கல்யாணத்தில் யாரும் ஒரு படமும் போடவில்லை.