கார்லாவில் இல்லாத ராஜகுமாரன்

சந்திரமௌலி கார்லா குகைகளைப் பார்த்தது கிடையாது. அவர் குடியிருக்கும் சிஞ்ச்வட்டிலிருந்து லோக்கல் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டப்பாவில் சப்பாத்தியைச் சுருட்டி வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம். பார்க்காமல் இருப்பது ஒன்றும் குற்றமில்லை. பார்த்ததாக முப்பத்துமூன்று வருஷம் சொல்லிக்கொண்டு வந்ததுதான் வம்பாகப் போயிற்று.

சொன்னதையாவது சும்மா சொன்னாரா? கும்பகோணத்திலிருந்து யார் வந்து இறங்கினாலும், காபி டம்ளர் அவர்கள் கைக்குப் போவதற்குள் கார்லா வந்துவிடும். படிகளை எண்ணினாராம், ஆயிரத்துச் சொச்சமாம். உள்ளே கும்மிருட்டாம். தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தால் சுவர் முழுக்க வர்ணமாம். நடுவில் கையில் தாமரைப் பூவோடு ஒரு ராஜகுமாரன், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நேற்றுத்தான் வரைந்து வைத்த மாதிரி நிற்கிறானாம். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். காபி ஆறிப்போகும்.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணமாகி மூன்றாவது வாரம். அவர் வேலை பார்த்த பாங்கில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கார்லா போவதென்றும், குகைக்குப் பக்கத்து மளவலி ஸ்டேஷனில் கூடுவதென்றும் ஏற்பாடு. புது மனைவியை விட்டுவிட்டுப் போகக் கூச்சம்தான், ஆனால் மேனேஜர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கிளம்பினார். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று வந்தது, தூக்கமும் வந்தது. விழித்தபோது வண்டி கடைசி ஸ்டேஷனான லோனாவாலாவில் காலியாக நின்றது. செல்போன் இல்லாத காலம். திரும்பிப் போய், தூங்கிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் நிற்க வெட்கம். ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பொழுதைப் போக்கினார். அந்த ஹோட்டல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில்தான் நம் ராஜகுமாரன் தாமரையும் கையுமாக நின்றான். படத்துக்குக் கீழே மராத்தியில் என்னமோ போட்டிருந்தது. அப்போது அவருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. குகைப் படம் என்று பார்த்தாலே தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற குகை கார்லா, அப்புறம் என்ன சந்தேகம்? சாயங்காலம் ஒரு பெட்டி சிக்கி என்கிற கடலை மிட்டாயும் ஒரு கதையுமாக வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி ரமா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கதையைக் கேட்டாள். முடிந்ததும், தன்னையும் ஒரு நாள் அழைத்துக்கொண்டு போகச் சொன்னாள். அதற்கென்ன, போனால் போச்சு என்றார்.

அந்த ஒரு நாளைத்தான் முப்பத்துமூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். மழை என்றார், வெயில் என்றார், பாங்கில் ஆடிட் என்றார், மகன் பிரணவுக்குப் பரீட்சை என்றார், கடைசியில் முழங்கால் என்றார். ரமாவும் நச்சரிக்கிற ரகமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், எதிர் ஃப்ளாட் ஷுபாங்கியோடு பஜனைக்குப் போய்விட்டு, தேங்காயும் பேடாவுமாக வருவாள். மனைவிக்குப் பக்தி ஜாஸ்தி என்பதில் சந்திரமௌலிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த வருஷம் அவள் பிறந்தநாளைக்கு என்ன வேண்டும் என்று மருமகள் ஸ்நேஹா கேட்டாள். புடவை என்றோ மிக்ஸி என்றோ சொல்லியிருக்கக் கூடாதா? கார்லா பார்க்க வேண்டும் என்றாள் ரமா. ஸ்நேஹா பாணேரில் தன் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடியே போனில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிற பெண். நாள் முழுக்கத் தனி வண்டி, தமிழ் பேசுகிற தனி கைடு, புதன்கிழமை காலை ஏழரைக்கு வாசலில் வந்து நிற்கும் என்று சொல்லிவிட்டாள்.

சந்திரமௌலி புதன்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார். கார்லாவில் அந்த ராஜகுமாரன் இருக்கிறானா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. இருந்தால் பிழைத்தார். இத்தனை வருஷத்தில் அழிந்து போயிருந்தாலும் பிழைத்தார். இல்லவே இல்லை என்றால் ரமாவின் முகத்தில் எப்படி விழிப்பது? மூன்று வார மனைவியிடம் சொன்ன முதல் பொய் அது. கட்டியவள் அதை நம்பி, ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துச் சந்தோஷப்பட்டவள்.

புதன்கிழமை கைடு வந்தான். பெயர் ஜோஷுவா, நாற்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. தாத்தா காலத்தில் நம் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பமாம். தமிழ் பேச வரும், படிக்க வராது என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். வண்டியையும் அவனே ஓட்டினான்.

தேஹு ரோடு தாண்டுவதற்குள் ரமா ஆரம்பித்துவிட்டாள். தாமரைப் பூ ராஜகுமாரனை முதலில் பார்ப்போமா, கடைசியில் பார்ப்போமா என்று கேட்டாள். ஜோஷுவா கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பிறகு சந்திரமௌலியைப் பார்த்தான். சந்திரமௌலி கண்ணாலேயே கெஞ்சினார். என்ன புரிந்ததோ, அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டத் தொடங்கினான்.

வழியில் காம்ஷேத்தில் டீக்கு நிறுத்தினார்கள். ரமா கை கழுவப் போன நேரம் பார்த்து, சந்திரமௌலி ஜோஷுவாவை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, அந்தப் படம் மழைத் தண்ணீர் இறங்கி அழிந்துவிட்டது என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

"அங்கிள், அது அஜந்தால இருக்கு," என்றான் ஜோஷுவா. "கார்லால அது எப்பவுமே இருந்ததில்ல."

சொன்னது பொய் என்பது அவருக்குத் தெரியும். தப்பான பொய் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஜோஷுவா பாவம், நல்ல மனுஷன். தன் வாயால் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் வாயைத் திறக்காமல் வருகிறேன், மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

மலையடிவாரத்தில் இறங்கியதும் சந்திரமௌலி முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தான் கீழேயே இருப்பதாகவும், இவர்கள் இருவரும் போய்விட்டு வரலாம் என்றும் சொன்னார். ஆயிரத்துச் சொச்சம் படி ஏறியவருக்கு இது என்ன பிரமாதம் என்றாள் ரமா. மொத்தமே முந்நூற்றைம்பதுதான் என்று ஜோஷுவா சொன்னான், இதற்கு மட்டும் வாயைத் திறந்து. அப்படியானால் மீதிப் படிகளை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ரமா வெள்ளந்தியாகக் கேட்டாள். சந்திரமௌலி முழங்காலை விட்டுவிட்டு ஏறத் தொடங்கினார்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிவிடலாம் என்று நின்றார். வாய் வரைக்கும் வரும். ரமா திரும்பிப் பார்த்து, மூச்சு வாங்குகிறதா என்பாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஏறுவார். இப்படி நூறு படி போயிற்று, உண்மை ஒரு படிகூட நகரவில்லை. குகை வாசலிலேயே ஏக்வீரா தேவி கோயில் என்பதால், வழி நெடுக இரண்டு பக்கமும் பூவும் தேங்காயும் பச்சை வளையலும் விற்கிற கடைகள். அதில் ஒரு கடையிலிருந்து ஒரு பூக்காரி எழுந்து ஓடிவந்தாள்.

"ரமாதாயி," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மராத்தியில் ரமா அக்கா என்று அர்த்தம். இந்த வருஷம் சித்திரையில் ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா, ஷுபாங்கி எங்கே என்று மூச்சுவிடாமல் கேட்டாள். ரமாவும் மராத்தியில் அவளுக்குச் சமமாகப் பேசினாள். ஷுபாங்கி மகனோடு நாசிக் போய்விட்டதையும், தனக்குத் துணையில்லாமல் போனதையும் சொன்னாள். பூக்காரி சந்திரமௌலியை மேலும் கீழும் பார்த்து, இவர்தானா, ஒரு வழியாக அழைத்துக்கொண்டு வந்துவிட்டாயா என்று கேட்டாள்.

பொய் சொன்ன மனுஷர் நடுப்படியில் நின்று விழித்தார்.

"இவளை உனக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் வரேனே," என்றாள் ரமா. "ஷுபாங்கிக்குப் பொறந்த ஊர் பாஜே. இதோ, எதிர் மலைக்குக் கீழ தெரியறதே, அதான். அங்கே எறங்கிச் சாப்ட்டுட்டு, இங்கே ஏறி அம்பாளைச் சேவிச்சுட்டு வருவோம்."

"பஜனைக்குப் போறேன்னு சொல்லுவியே?"

"நான் என்னிக்குச் சொன்னேன்? பாஜே போய்ட்டு வரேன்னேன். நீங்க பேப்பரை எறக்காமயே, சரி, பஜனைக்குப் போய்ட்டு வான்னேள். மொதல் வருஷம் திருத்தலாம்னுதான் பாத்தேன். அப்பறம், இதுவும் நன்னாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

ஜோஷுவா சட்டென்று பள்ளத்தாக்கைப் போட்டோ எடுக்கப் போய்விட்டான். அவன் தோள் குலுங்குவது பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது.

சந்திரமௌலி படியில் உட்கார்ந்தார். கணக்கு மெதுவாகத்தான் அவருக்கு விளங்கியது. வருஷா வருஷம் வந்தாள் என்றால் குகைக்குள்ளும் போயிருப்பாள். குகைக்குள் போனாள் என்றால் சுவரையும் பார்த்திருப்பாள். ரமா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை வந்தபோது ராஜகுமாரனை அரை மணி நேரம் தேடியதைச் சொன்னாள். தூணுக்குத் தூண் போய்ப் பார்த்தாளாம். கடைசியில் காவல்காரனைக் கேட்டாளாம். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அந்த ராஜகுமாரனுக்கு வீடு அஜந்தாவில் என்றானாம்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? லோனாவாலா, தூக்கம், காலண்டர், எல்லாவற்றையும் சொன்னார். ரமா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தூங்கினேளா? அவ்வளவுதானா? ரேஸுக்குத்தான் போயிருக்கேள்னு இத்தனை வருஷமா நெனச்சுண்டிருந்தேனே."

அவருக்குக் கோபம்கூட வந்தது. தெரிந்திருந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒவ்வொரு விருந்தாளி முன்னாலும் தன்னைக் கோமாளியாக உட்கார வைத்தாளா என்று கேட்டார். ரமா சிரிப்பை நிறுத்தினாள்.

"அந்தக் கதையைச் சொல்றப்போ உங்க மொகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. வேற எதுக்கும் அப்படி இருந்து நான் பாத்ததில்லை. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

"அப்போ இன்னிக்கு எதுக்கு அழைச்சுண்டு வந்தே?"

"நான் இருபது தடவைக்கு மேல பாத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் நின்னா, இவர் இதைப் பாக்கவே இல்லையேன்னுதான் தோணும். எனக்கு அது ஆறலை. அதான்."

வந்தது வெட்கமா, அன்பா என்று சந்திரமௌலிக்கே பிரிக்கத் தெரியவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தார். மீதிப் படிகளை ரமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

மேலே போய் அம்பாளைக் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். ஒரே பாறைக்குள் கோயில் மண்டபம் அளவுக்கு ஓர் இடம். இரண்டு பக்கமும் தூண்கள் வரிசையாக உள்ளே போயின, தூண் உச்சிகளில் யானை மேல் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் விலா எலும்பு மாதிரி வளைந்து வளைந்து மரச் சட்டங்கள். அவை இரண்டாயிரம் வருஷத்து மரம் என்றான் ஜோஷுவா. தீக்குச்சிக்கெல்லாம் வேலையே இல்லை, வாசலுக்கு மேலிருந்த பெரிய வளைவு ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து கடைசியில் இருந்த ஸ்தூபியின் மேல் விழுந்தது.

முப்பத்துமூன்று வருஷம் வாய் ஓயாமல் கார்லாவைப் பற்றிப் பேசியவர் இப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். ரமா கையை நீட்டிய இடத்தையெல்லாம் பார்த்தார். எந்த யானைக்குத் தும்பிக்கை உடைந்திருக்கிறது, எந்தத் தூணில் எழுத்து இருக்கிறது என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கைடுக்கு அன்று வேலையே இல்லாமல் போயிற்று. வெளியே வரும்போது ஒரு கல்வெட்டை மட்டும் அவன் விளக்கினான். இதைக் கட்டி முடித்த வியாபாரி ஒருவன், ஜம்புத்வீபத்திலேயே இதுதான் ஒசத்தியான கல் மாளிகை என்று தானே வெட்டி வைத்திருக்கிறானாம். பார்த்துவிட்டுப் பெருமையடித்த ஆசாமி என்று சந்திரமௌலிக்கு அவன்மேல் மரியாதை உண்டாயிற்று.

வாசலில் சிங்கத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பிரணவ் வீடியோவில் கூப்பிட்டான். அம்மா, எப்படி இருந்தது என்று கேட்டான்.

"அப்பாதான்டா எல்லாத்தையும் காட்டினா," என்றாள் ரமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "ஒண்ணு விடாம."

கார்லா விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. சந்திரமௌலிக்காகச் சொன்னது. அவர் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"அம்மா சும்மா சொல்றா. நான் இதுக்கு முன்னாடி இங்கே வந்ததே இல்லைடா. அம்மாதான் என்னை அழைச்சுண்டு வந்தா, அம்மாதான் காட்டினா."

அந்தப் பக்கம் பிரணவின் முகம் வாய் திறந்தபடி அசையாமல் நின்றது. அதிர்ச்சி என்று நினைத்தார். கொஞ்சம் பொறுத்து முகம் அசைந்தது.

"அப்பா, நெட்வொர்க் போயிடுத்து, ஆவாஸே வரலை, ஒண்ணும் கேக்கலை. திருப்பிச் சொல்லுங்கோ."

ரமா வேண்டாம் என்று அவர் கையை அழுத்தினாள். சந்திரமௌலி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, முதலிலிருந்து சொன்னார்.