இக்கராய் என்றால் ஊதுவது

"...இன்னும் குனி, மச்சான், வெட்டும்போது மட்டும் நல்லாக் குனிஞ்சியே," என்கிறான் நில்செர், வாசலில் வெட்டுக்கத்தியோடு நிற்கும் அவன் தம்பிகள் இருவரும் சிரிக்கிறார்கள், நான் குனிகிறேன்... என் தங்கை புருஷன், என் கத்தியால் வெட்டுப்பட்டவன், இப்போது என் உச்சந்தலையில் சுருட்டுப் புகை ஊதப்போகிறான், பகை தீர எங்கள் வழக்கம் இது, வெட்டுப்பட்டவன் ஊத வேண்டும், வெட்டியவன் அதை மூச்சில் இழுக்க வேண்டும், இழுத்தால் பகை முடிந்தது, என் தங்கை ஒர்ஃபா அவன் படகில் ஏறிப் போய்விடுவாள், இழுக்காவிட்டால் வாசலில் அந்தக் கத்திகள். அன்று அவள் முடியைக் கையில் சுற்றி முகத்தைப் படகு விளிம்பில் மோதினானே, ஒரு பல் ஆற்றில் விழுந்ததே, என் கையில் கத்தி இருந்தது வாழைத்தாருக்காகத்தான், அவன் விலாவில் அது தாரில் இறங்குவதைவிட இலகுவாக இறங்கியது, அந்த இலகுதான் இன்னும் கையில் இருக்கிறது... இக்கராய். இப்போது எல்லோரும் குணமாக்கப் பாடும் பாட்டைத்தான் இக்காரோ என்கிறார்கள், நகரத்துக்காரர்கள் வந்து பதிந்துகொண்டு போகிறார்கள், ஆனால் எங்கள் கெச்சுவா மொழியில் இக்கராய் முதலில் பாட்டே இல்லை, குணமாக்கப் புகை ஊதுவது, பாட்டு அந்த ஊதலின் மேல் பிறகு வந்து ஏறிக்கொண்டது. குணமாக்கவா, என்னையா, இவனா? சூனியம் செய்கிறவர்கள் புகைக்குள் முள் வைத்து ஊதுவார்கள், கண்ணுக்குத் தெரியாத முள், மூக்கு வழியே போய் நெஞ்சில் தைக்கும், என் சித்தப்பா அப்படித்தான் ரத்தம் கக்கிச் செத்தார் என்பார்கள்... மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

நில்செர் சுருட்டை ஆழமாக இழுக்கிறான், விலாவில் தையல் இழுபடுகிறது, இருமுகிறான், கட்டுத்துணியில் சிவப்பு பரவுகிறது, மறுபடியும் இழுக்கிறான், சூடான புகை என் உச்சியில் இறங்கி முகத்தில் வழிகிறது... ஊதுகிறவன் முதலில் இழுக்க வேண்டுமே, முள் இருந்தால் அது நான் திறந்த அந்த நெஞ்சில் அல்லவா முதலில் தைத்திருக்கும், அப்படியானால் முள் இல்லை, அப்படியானால் இவன் நிஜமாகவே பகையை முடிக்கிறான், பிறகு நான் எதற்குப் பயந்து மூச்சைப் பிடித்திருக்கிறேன்?

"இழுடா, எங்களுக்குப் பசிக்குது," என்று ஒரு தம்பி கத்தியால் தூணைத் தட்டுகிறான். காது அடைக்கிறது, நெஞ்சு வெடிக்கிறது, உதடு தானாகத் திறக்கப் பார்க்கிறது. பின்னாலிருந்து ஒர்ஃபா, பல் போன இடத்தில் காற்றுக் கசிய, எனக்கு மட்டும் கேட்கும்படி:

"அண்ணா... இழுத்துடாத. இவனோட என்னை அனுப்பாத."