சிவப்பு மூடி

பதினாலு வருஷம் ஒரே வேலையைச் செய்த கையை நம்பலாம். ஆனால் வேறு வேலைக்குப் போனதும் அது பழசை மறந்துவிடும் என்று மட்டும் நம்பக் கூடாது. அதியாவின் கை அப்படிப்பட்டது. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷம் அவள் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். மிளகு அளவு இரும்புக் குண்டு, ஊசி அளவு பின், எதுவானாலும் லென்ஸுக்கு அடியில் ஒரு நொடி பார்ப்பாள். சரியாக இருந்தால் வலது பக்கம் பச்சைத் தொட்டி. கீறல், மேடு, நிறம் மாறியது என்று ஏதாவது தென்பட்டால் இடது பக்கம் சிவப்புத் தொட்டி. மற்றதைப் போல இல்லாதது பழுது, அவ்வளவுதான் பாடம். சனிக்கிழமை சாயங்காலம் சிவப்புத் தொட்டியில் இருப்பதை எண்ணி, என்ன பழுது என்று ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்கிராப்பில் கொட்ட வேண்டும். எழுதாமல் கொட்டினால் வேலை போய்விடும்.

எழுதிக் கொட்டியும் வேலை போனது. கேமரா வைத்த மெஷின் ஒன்று வந்து அவள் மேசையில் உட்கார்ந்துகொண்டது. அதற்கு டீ வேண்டாம், பெருநாள் லீவு வேண்டாம். அதியாவுக்கு ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் கண்ணுக்காகத்தான் மேகலா அவளை அழைத்துக்கொண்டாள். மேகலா ஓசூருக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுப்பவள், அதியாவை விடப் பத்து வயது இளையவள். காட்டோரக் கொல்லைகளில் இருக்கும் சின்னஞ்சிறு குளவிகளைக் கணக்கெடுக்கும் திட்டம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. குளவி என்றதும் சுவரில் மண்கூடு கட்டி, கிட்டே போனால் கொட்டி முகத்தை வீங்க வைக்குமே, அதை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர் நீளம். மனிதரைக் கொட்டாது. பயிரை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் முட்டைக்குள்ளே தன் முட்டையை இட்டுப் பிழைக்கிற ஜாதி. இதன் பக்கத்தில் கடுகைக் கொண்டுபோய் வைத்தால் கடுகு மலை.

நாட்றாம்பாளையத்தில் முனிசாமி என்பவரின் கொல்லையில் பன்னிரண்டு மஞ்சள் தட்டுகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். மஞ்சளைப் பூவென்று நம்பி வந்து விழும் பூச்சிகளை முனிசாமி வடிகட்டி, தட்டுக்கு ஒரு பாட்டிலாக ஸ்பிரிட்டில் போட்டு, வாராவாரம் அஞ்செட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அதைப் பிரிப்பது அதியாவின் வேலை.

மேகலா இரண்டு நாள் கூட இருந்து சொல்லிக்கொடுத்தாள். “ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் பெரிய பாட்டில்ல போடுங்கக்கா. வேற மாதிரி ஏதாவது தென்பட்டா இந்தச் சிவப்பு மூடிக் குழாய்ல போட்டுடுங்க.” சொல்லிவிட்டு ஆறு வாரப் பயிற்சிக்குப் பெங்களூர் போய்விட்டாள்.

சிவப்பு மூடிக்குள் போவதற்காகத்தான் அந்தத் திட்டமே என்று அவள் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்ன? அதியாவும் கேட்கவில்லை. சிவப்பு என்றால் என்னவென்று ஓசூரில் கேட்டால் சிரிப்பார்கள்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. இரண்டாம் வாரம் லென்ஸுக்கு அடியில் ஒன்று வித்தியாசமாக வந்தது. மற்றவற்றுக்கெல்லாம் உணர்கொம்பு முழுக்கக் கறுப்பு, இதற்கு நுனி மட்டும் சுண்ணாம்பு தொட்டது போல வெள்ளை. அதியா எடுத்துச் சிவப்பு மூடிக்குள் போட்டாள். அதே பாட்டிலில் இன்னும் இரண்டு வந்தன. சனிக்கிழமை சாயங்காலம் தன் கைப்பையிலிருந்த நோட்டை எடுத்து எழுதினாள்: “தட்டு 7. எண்ணிக்கை 3. பழுது: மீசை நுனி மூணு கணு வெள்ளை. முதுகில் பள்ளம் ஒன்று அதிகம்.” கையெழுத்துப் போட்டாள். குழாயைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்த வாரம் சுத்தமான மனதோடு வீட்டுக்குப் போனாள்.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை மேகலா திரும்பி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் சிவப்பு மூடிக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அந்த வாரத்தில் ஒன்றே ஒன்று விழுந்திருந்தது. லென்ஸில் வைத்துப் பார்த்தவள் பையை அப்படியே தரையில் போட்டாள்.

“அக்கா, இது புதுசு! இந்த இனத்தை இதுவரைக்கும் யாரும் எழுதினதே இல்ல. இதுக்காகத்தான் நான் ரெண்டு வருஷமா அலையறேன்.” அதியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “முன்னாடி வாரத்துதெல்லாம் எங்க?”

சிவப்பு எதற்கென்று அதியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தபோது அவளுக்கே தெரியாமல் ஒரு பொய் வெளியே வந்தது.

“முன்னாடியெல்லாம் சிவப்புல ஒண்ணும் விழல மேடம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள்தான் அதியா. கண்ணுக்கே தெரியாததை மறைப்பது அதைவிடக் கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு மேகலா செய்ததெல்லாம் நல்லது, அதனால் எல்லாமே கொடுமை. அந்த ஒற்றைக் குளவியைப் படம் எடுத்தாள், அளந்தாள், உலகத்தில் உள்ள சொந்தக்கார இனங்களோடெல்லாம் ஒப்பிட்டாள். கட்டுரை எழுதி அனுப்பும்போது, “கண்டுபிடிச்சது நீங்க. உங்க பேரைத்தான் வைக்கப் போறேன்” என்றாள். அதியா வேண்டாம் என்று சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஜூஜுவாடியில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் அதியாவின் கணவன் குலாம் ரசூல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். “குளவிக்கு எம் பொண்டாட்டி பேரு வெக்கறாங்களாம். அது கொட்டாத ஜாதியாமே? இருவது வருஷமா கொட்டு வாங்கறவன் நானு, என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல!” கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அதியாவும் சிரிக்க வேண்டியிருந்தது.

பொங்கல் கழிந்து பதில் வந்தது. கட்டுரையைப் பரிசோதித்த நிபுணர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஒரே ஒரு பூச்சியை வைத்து இது தனி இனம் என்று ஏற்க முடியவில்லை. நுனி வெளுத்ததும் முதுகுப் பள்ளமும் அந்த ஒன்றின் ஊனமாகக்கூட இருக்கலாம். இன்னும் சில கிடைத்தால் அனுப்பவும்.

அதாவது, பழுதா இனமா என்று கேட்டிருந்தார். பதினாலு வருஷமாக அதியா ஒரு நொடியில் பதில் சொன்ன கேள்வி.

மேகலா பன்னிரண்டு தட்டுகளையும் தூக்கிக்கொண்டு நாட்றாம்பாளையம் போனாள். கிடைத்த ஒன்று மூன்றாம் தட்டில் விழுந்தது என்பதால் எல்லாத் தட்டையும் அந்த இடத்தைச் சுற்றியே வைத்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம். பாட்டில் வரும், அதியா பிரிப்பாள், எல்லாம் கறுப்பு மீசை. திட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. மேகலா மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

அதியா குறுக்கு வழி ஒன்று பார்க்காமல் இல்லை. “ஏழாம் தட்டு முன்ன இருந்த இடத்துல வெச்சுப் பாக்கலாமா மேடம்?” என்று மெல்லக் கேட்டாள்.

“ஏன் ஏழு?”

“சும்மா தோணுச்சு.”

“தோணறதுக்கெல்லாம் தட்டு மாத்தினா எப்படிக்கா? நம்ம கையில இருக்கற ஒரே ஆதாரம் மூணாவதுதான்.”

ஆதாரம் அதியாவின் கைப்பையில், டிபன் டப்பாவுக்குக் கீழே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாள் என்று மேகலாவைச் சொல்ல முடியாது. வெண்ணெயை ஒளித்து வைத்தவளைத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை முனிசாமி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அதியாவுக்கும் கேட்டது. “தட்டெல்லாம் வந்து எடுத்துக்கிறீங்களாம்மா? கொல்லயில அவரக்கா எப்பவோ முடிஞ்சிபோச்சி. அந்த வேலியோரம் கொஞ்சம் தொவர நிக்குது, அதயும் நாளைக்கி அறுத்துட்டு ஓட்டிடலாம்னு இருக்கறன்.”

வேலியோரத் துவரைதான் ஏழாம் தட்டு இருந்த இடம். நாளைக்கு அது இருக்காது. மேகலா போனை வைக்கும்வரை காத்திருந்து, அதியா நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“மேடம், முன்னாடி சிவப்புல ஒண்ணும் விழலன்னு சொன்னேனே. அது பொய்.”

மேகலா நோட்டைப் புரட்டினாள். நாலு சனிக்கிழமை, நாலு கையெழுத்து. கூட்டிப் பார்த்தாள். “பதினொண்ணு. எங்க இருக்கு?”

“ஊத்திட்டேன். சிவப்புன்னா கழிச்சதுன்னு நெனச்சேன். நீங்க வந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பயந்துட்டேன்.”

“உலகத்துல யாரும் பாக்காததைத் தொட்டியில ஊத்திட்டு, மூணு மாசமா என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சீங்களா?”

“ஆமா மேடம்.”

மேகலா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். திரும்பி வந்து மறுபடி நோட்டை எடுத்தாள். பழுது என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதியது, அங்கே ஒரு வரியில் இருந்தது.

“பதினொண்ணுல ஒம்பது ஏழாம் தட்டு” என்றாள், யாருக்கோ சொல்வது போல. “நான் காத்துல தப்பி வந்து விழுந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு மூணாவதுல தேடிட்டிருந்திருக்கேன்.” பிறகு அதியாவைப் பார்க்காமலே, “கெளம்புங்க” என்றாள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று பஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனது. மேகலா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதியாவுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இவர்கள் போய்ச் சேரும்போது முனிசாமி வேலியோரத்தில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு என்றவர், கையோடு இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்று வந்துவிட்டாராம். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கி நான் ரெண்டு சால் தொவரய விடணுமா? ஏர் ஓட்ட ஆளுக்குச் சொல்லிட்டு வந்துட்டன்மா.”

“ரெண்டே நாளு போதுங்கண்ணா” என்று முன்னால் வந்தது அதியா. “தப்பு எம்மேல. நான் எடுத்துக் கொட்டினதைத்தான் இப்பத் தேடறோம். இந்தச் செடியும் போயிட்டா அப்பறம் எங்கயும் தேட முடியாது.”

முனிசாமி அவளை ஒரு தரம் பார்த்தார். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். “செரி, ரெண்டு சால் நிக்கட்டும். மத்தத அறுக்கறன். மூணாம் நாளு நீங்களே வந்து அறுத்துக் குடுத்துட்டுப் போங்க.”

ஏழாம் தட்டைப் பழைய இடத்திலேயே, அந்தத் துவரைக்கு நடுவில் வைத்தார்கள். மூன்றாம் நாள் இருவரும் அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பாட்டிலோடு திரும்பினார்கள். அதியாவின் கையெல்லாம் துவரைத் தூர் கிழித்த கோடு. அந்தக் கையோடு லென்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். மேகலா பின்னால் நின்றாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. ஈ ஒன்று. மறுபடி கறுப்பு. யா அல்லாஹ், எனக்கு வேண்டாம், இந்தப் பெண்ணுக்காகக் கொடு என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டாள்.

“மேடம்” என்றாள்.

வெள்ளை நுனி. முதுகில் அந்த அதிகப் பள்ளம். அதற்கடுத்து ஒன்று. மொத்தம் ஆறு, அதில் ஒன்று ஆண். மேகலா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கட்டுரையைத் திருத்தி எழுதும்போது ஒருநாள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “பேரை மாத்திட்டேன். நாட்றாம்பாளையம்னு ஊர் பேரை வெச்சிருக்கேன்.”

“நல்லது மேடம்.” வலித்தது. வலிக்கத்தான் செய்யும். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியும் போனது. “அந்தப் பதினொண்ணு? அதையும் எழுதுங்க மேடம்.”

“எதுக்கு? படிக்கறவங்க சிரிப்பாங்க.”

“ரிஜிஸ்டர்ல இருக்கறது ரிப்போர்ட்ல இல்லன்னா, அதுதான் மேடம் பெரிய பழுது.”

மேகலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு வரி சேர்த்தாள்: இவை தவிர மேலும் பதினொன்று பார்க்கப்பட்டன, தவறுதலாகக் கொட்டப்பட்டன, பதிவு அதியாவுடையது.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுரை ஏற்கப்பட்டது என்று தகவல் வந்தது. ஆறில் நல்லதாக ஒன்றை அட்டை நுனியில் ஒட்டி, அட்டையை ஊசியில் குத்தியிருந்தார்கள். மேகலா மேசை இழுப்பறையிலிருந்து நகத்தளவு காகிதம் ஒன்றை எடுத்து அதியாவிடம் நீட்டினாள். நல்ல சிவப்பு.

“சிவப்பா மேடம்?”

“முதல் மாதிரிக்கு எங்க பழக்கத்துல சிவப்புதான். இனிமே இந்த இனத்தைப் பத்தி யார் பேசினாலும் இதோட வெச்சுத்தான் ஒப்பிடணும். எழுதுங்க.”

அதியா பொடி எழுத்தில் இனத்தின் பெயர், ஊர், தேதி, தட்டு 7 என்று எழுதினாள். பிரித்தெடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதும்போது கொஞ்சம் கோணியது. சீட்டை ஊசியில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் கை தானாக இடது பக்கம் போனது. பாதியில் நிறுத்தி, வலது பக்கப் பெட்டியில் மெதுவாகக் குத்தி வைத்தாள்.

மேகலா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். “இன்னைக்கு என்ன கிழமை?”

அதியாவுக்குக் கழுவும் தொட்டி நினைவுக்கு வந்தது. “சனிக்கிழமை மேடம்.”

மேகலா பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கையில் ஒருமுறை தூக்கிப் பிடித்துவிட்டு அதியாவின் முன்னால் வைத்தாள்.

“நான் திங்கக்கிழமைதான் வருவேன். நீங்களே வெச்சுக்கங்கக்கா.”

அக்கா என்ற அந்தச் சொல் நோட்டைக் காட்டிய நாளிலிருந்து அவள் வாயில் வரவே இல்லை. அதியா சாவியை எடுத்துக் கைப்பைக்குள், நோட்டுக்கு மேலே வைத்தாள். ஜூஜுவாடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.