மச்சானுக்கு மெத்தென்ற ஸ்பிரிங்

என் மச்சானை ஒரே ஒரு தடவை விவாதத்தில் தோற்கடித்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தேன். அவர் தோற்ற அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

விவாதம் கார் ஸ்பிரிங்கைப் பற்றியது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரு பழைய காரைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியவர். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த கார் அது. உடைத்து எடைக்குப் போடக் காத்திருந்ததைப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து இழுத்துவந்து, துருவைச் சுரண்டி, இன்ஜினை இறக்கி ஏற்றி, ஓட வைத்தார். அதுவரை சரி. அதற்குப் பிறகு குட்டையான, கல் மாதிரி இறுக்கமான நாலு ஸ்பிரிங்குகளை மாட்டினார் பாருங்கள், அங்கேதான் எனக்கும் அவருக்கும் ஆகாமல் போனது. நான் வண்டிகளுக்கு அடியில் படுத்தே காலம் தள்ளுகிறவன். பட்டறைக்கு வரும் வண்டிகளில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலையெல்லாம் என்னுடையது. இந்த உடம்புக்கு இவ்வளவு இறுக்கம் ஆகாது, வண்டியும் தாங்காது, உட்காருகிறவனும் தாங்கமாட்டான் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"கார்னா ரோடு முதுகுல தெரியணும் மாப்ளே," என்பார். "மெத்தை வேணும்னா வீட்ல போய்ப் படு."

அந்த முதுகுக்குள்தான் நோய் புகுந்தது. எலும்பை அரிக்கிற நோய். எங்கள் வீட்டு முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். பெரிய ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. கடைசியாக ஒரு வாடகை வேனில் கூட்டிப்போனபோது ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. டிரைவரே நடுவழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இறங்கிப்போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். வீடு திரும்பியதும் மச்சான், செத்தாலும் இனி எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

டாக்டரோ அடுத்த மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். எங்களை வெளியே கூப்பிட்டு வைத்து, மருந்து உடம்பில் பிடித்தால் இன்னும் சில மாதம் கிடைக்கும், பிடிக்கவில்லையென்றால் சொல்வதற்கில்லை என்றார். என் மனைவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "இதை ஏத்திட்டா சரியாயிடும்னு சொல்லிட்டாருண்ணா," என்றாள்.

அவள் அதோடு நிற்கவில்லை. அண்ணன் உடம்பு வற்றிப்போவது அண்ணனுக்கே தெரியக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். அவருடைய சட்டைகளைத் தையல் பிரித்து, உள்ளே மடித்துத் தைத்து, அளவாக்கிப் போட்டுவிட்டாள். முன்னறைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். எடை பார்க்கும் மெஷின் பரணுக்குப் போனது. "கன்னத்துல சதை வெச்சிருக்குண்ணா," என்பாள். அவர் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்ப்பார், அது கழுத்தோடு ஒட்டியிருக்கும், நம்பிவிடுவார். நானும் அந்த நாடகத்தில் ஒரு வேஷக்காரன்தான். காலையில் பட்டறைக்குப் போகும்போது வாசற்படியில் நின்று, "மச்சான், இன்னிக்குத் தேவலாம்போல இருக்கே," என்று ஒரு வசனம் பேசிவிட்டுப் போவேன். அவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கையை ஆட்டுவார். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம்போல ஆகிவிட்டிருந்தது.

ஒருநாள் அவரே கூப்பிட்டார். "மாப்ளே, என் கார்ல மெத்துனு ஸ்பிரிங் போட்டுக் குடு. உடம்பு குலுங்காம இருக்கணும். அப்படின்னா ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

இதைக் கேட்கத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன்! "நான் அப்பவே சொன்னேன்ல," என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை வம்புக்கு இழுப்பார் என்று பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி நின்று அழுதேன்.

அழுது முடித்ததும் வேலை ஞாபகம் வந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் போகாததும் இப்போது என் கையில். எனக்கு அது ஒருவிதத்தில் தெம்பாகக்கூட இருந்தது. டாக்டர் பேசியது எனக்கு விளங்காத பேச்சு. ஸ்பிரிங் எனக்கு விளங்கும்.

நேராக உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரரை வண்டித் தொழிலில் இருக்கிற எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட வயதானவர்களும்கூட. பழைய மாடல்களுக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் ஏதாவது ஒரு பலகை இடுக்கில் தூசியோடு கிடக்கும்.

"யாருக்கு இவ்வளவு மெத்துனு கேக்கறே?"

"மச்சானுக்கு."

"அந்தக் கல்லு ஸ்பிரிங் மனுஷனுக்கா?" என்று சிரிக்கத் தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு ஏணியை எடுத்தார்.

மூன்று வகை ஸ்பிரிங்குகளை மேசைமேல் நிறுத்தினார். ஒன்று மச்சான் போட்டிருப்பதற்கு அண்ணன் தம்பி. இன்னொன்று பாரம் ஏற்றுகிறவர்களுக்கானது. மூன்றாவதன் கம்பி மெல்லியது, சுற்றுகள் அகலம். உள்ளங்கையால் அமுக்கினால் முனகாமல் இறங்கியது. அதைத் தொட்டேன்.

"இது சரி. ஆனா ஷாக்கை யோசிச்சுக்கோ," என்றார் சித்தப்பா. "ஸ்பிரிங் ஆடறதை அடக்கறதுக்குத்தானே ஷாக்கு. பழசையே விட்டா வண்டி தொட்டில் மாதிரி ஆடும். சீக்காளிக்குக் குமட்டும். வாந்தி எடுத்தா முதுகு என்ன ஆகும்?"

"இறுக்கமா போட்டா?"

"அப்புறம் ஸ்பிரிங்கை மாத்தினது எதுக்கு? பள்ளத்துல விழற அடி அப்படியே முதுகுக்குப் போயிடும்."

ஆக, ரொம்ப இறுகாத, ரொம்பவும் தளராத ஷாக் வேண்டும். நீளமும் பொருந்த வேண்டும். குட்டை ஸ்பிரிங்குக்காக மச்சான் போட்டிருந்த ஷாக்குகளும் குட்டை. புது ஸ்பிரிங் வண்டியைத் தூக்கியதும் அவை முழுக்க நீண்டு, வலி தாங்காதவன் கை மாதிரி இழுபட்டு நிற்கும். ஒவ்வொன்றாக நீட்டி, அமுக்கி, விட்டுப் பார்த்தேன். எண்ணெய் கசிந்த இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். மதியம்வரை அங்கேயே நின்றதில் சித்தப்பா சாப்பிடப் போக முடியாமல் முணுமுணுத்தார்.

"பின்சீட்ல எவ்வளவு எடை உக்காரும்?" என்று கடைசியாகக் கேட்டார்.

"மச்சானும் என் வீட்டம்மாவும்."

"உன் மச்சான் எடைதான் தெரிஞ்சதாச்சே. என் ஸ்டூலை உடைச்ச மனுஷனாச்சே," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த எடைக்கே ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் உயரத்தை ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்ப்போம். காலி வண்டியில் பார்க்கும் உயரம் பொய். ஆள் வர முடியாதபோது அவர் எடைக்கு மணல் மூட்டை வைப்போம். மச்சான் அந்தக் காரைப் புதுப்பித்த காலத்திலேயே அவருக்கென்று கட்டிய மூட்டைகள் மூலையில் கிடந்தன. அவற்றுக்கும் மச்சான் என்றுதான் பெயர். 'மச்சானை ஏத்து', 'மச்சானை இறக்கு' என்று நாங்கள் கத்துவதைக் கேட்டு அவரே முன்பு வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்.

நாலு ஸ்பிரிங்கையும் ஷாக்குகளையும் மாட்டி முடித்து, எங்கள் பட்டறைப் பெயின்டரைக் கூப்பிட்டு, "மச்சானைப் பின்சீட்ல ஏத்து," என்றேன். மூச்சு வாங்க ஏற்றினோம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் நாலு விரல் சரியாகப் போனது. மட்கார்டை அமுக்கி விட்டேன். ஒருதரம் எழுந்து, அப்படியே நின்றது. பெயின்டரை ஓட்டச் சொல்லிவிட்டு, மூட்டைகளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஆஸ்பத்திரிவரை போய் வந்தேன். எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அப்படியும் இரண்டு பள்ளம் எப்போது போனது என்றே தெரியவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூட்டைகளை வாசல் ஓரம் இறக்கிப் போட்டேன்.

மறுநாள் காலை மச்சானை நாற்காலியோடு வெளியே கொண்டுவர நானும் பெயின்டரும் குனிந்தோம். அதுவரை அவரைத் தூக்கி உட்கார வைப்பதெல்லாம் பகலில் வரும் நர்ஸும் என் மனைவியும்தான். நான் பல்லைக் கடித்து, காலை அகட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். நாற்காலி விருட்டென்று மேலே வந்துவிட்டது. பெயின்டர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

பின்சீட்டில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தோம். என் மனைவி பிளாஸ்க்கையும் துணிப்பையையும் எடுத்துவர உள்ளே போயிருந்தாள். நான் கதவைச் சாத்தப் போனேன்.

"இரு," என்றார் மச்சான். "வண்டி உக்காரலையே."

"புது ஸ்பிரிங் மச்சான். போகப் போக உக்காந்துடும்."

"எங்கிட்டயேவா? விரலை வெச்சுப் பாரு."

குனிந்து வைத்தேன். நாலு விரலுக்கு மேல் இன்னும் இடம் இருந்தது. கட்டை விரலையும் சேர்த்து வைத்தேன். அப்படியும் இடித்துக்கொள்ளவில்லை.

"எத்தனை?"

சாவைப் பற்றி, சதையைப் பற்றி, டாக்டரைப் பற்றியெல்லாம் அவரிடம் கூசாமல் பொய் சொன்னவன் நான். ஸ்பிரிங் விஷயத்தில் அவரிடம் எனக்குப் பொய் வரவில்லை. "அஞ்சு," என்றேன். "அஞ்சுக்கும் மேல."

"எதை வெச்சு உயரம் பார்த்தே?"

"உங்க மூட்டையை வெச்சுதான்."

அவர் தலையைத் திருப்பி, வாசல் ஓரம் கிடந்த மூட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கையால் சட்டையின் ஓரத்தைப் பிடித்து, உள்பக்கம் திருப்பி, புதுத் தையலைத் தடவினார். மடித்து விட்டிருந்த துணி அவர் விரலில் கற்றையாகச் சிக்கியது.

"அதுல எவ்வளவு மாப்ளே நான் இப்ப பாக்கி இருக்கேன்?"

"பாதி இருக்கும் மச்சான்," என்றேன். அதுவும் கூட்டித்தான் சொன்னேன்.

"சரி. அப்ப பாக்கியை ஏத்து. இல்லேன்னா தூக்கித் தூக்கிப் போடும்."

"நாளைக்கு வேற ஸ்பிரிங் மாத்திடறேன் மச்சான். ஒரே ஒரு நாள்."

"ஏத்துடா," என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை டா போட்டார்.

மூட்டைகளில் பாதியைக் கொண்டுவந்து அவர் காலடியிலும் பக்கத்திலும் வைத்தோம். கடைசி மூட்டைக்கு இடமில்லை. என் மனைவி பையோடு வந்து ஏறி உட்கார்ந்து, "இதெல்லாம் என்னங்க? அண்ணா கால் வைக்க வேணாமா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

"அதை அவ மடியில வை," என்றார் மச்சான்.

"எதுக்குண்ணா?"

"அது நான்தாம்மா. எங்கேயும் போகலைன்னு நீ தினம் சொன்னியே, அந்தப் பாதி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மூட்டையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. பின்னால் மூட்டையோடு சேர்ந்து அவள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

வண்டி தண்ணீரில் போவதுபோலப் போனது. வேன் நின்ற அதே இடத்தில், அந்தப் பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"வலிக்குதா மச்சான்?"

"இல்லை." கொஞ்சம் கழித்து, "டாக்டர் நிஜமா என்ன சொன்னார்?" என்று தங்கையிடம் கேட்டார்.

அவள் முதலில் ஏதேதோ சொன்னாள். அவர் மறுபடி அதையே கேட்டார். அவள் சொல்லிவிட்டாள். சில மாசம், அதுவும் மருந்து பிடித்தால் என்று.

"அந்தச் சில மாசமும் ஊசியும் குழாயுமா அங்கேயே கிடக்கணும். அதானே?"

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சிக்னல் கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்பில் நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டேன். இந்தத் திருப்பத்துக்காகத்தானே கடை வாசலில் அரைநாள் நின்றேன், இதற்காகத்தானே வண்டிக்கு அடியில் கிடந்தேன்! நான் செய்த வேலை அவரை இதுவரை கொண்டுவந்தும் விட்டது, உண்மையைக் காட்டிக்கொடுத்து இதற்கு மேல் போகவிடாமலும் செய்துவிட்டது.

"நேரா போ மாப்ளே," என்றார் மச்சான்.

"திருப்புங்க," என்றாள் என் மனைவி.

"மாப்ளே, வலிக்காம உக்காந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? இப்படியே கொஞ்ச நேரம் ஓட்டு. அங்க வேணாம்."

"அவர் பேச்சைக் கேக்காதீங்க. உங்க கால்ல விழறேன், திருப்புங்க. எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்."

சிக்னல் பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. நான் செய்த வேலை சரியா இல்லையா என்று பார்க்கும்போது எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போனேன்.

அவள் மூட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்து என் தோளில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். வண்டி ஆட்டம் காணாமல் இருக்க நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அடி நின்றது. பார்த்தால், மச்சான் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். அவர் விழித்துவிடக் கூடாதே என்று அவள் கையை அசைக்காமல், வாயை மூடிக்கொண்டு அழுதாள். எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளமில்லாத ரோடாகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.