கல் நடும் முன்

அன்புச்செல்வி புருஷனோடு பேசி நாலு நாள் ஆகியிருந்தது. சோறு போட்டாள், சட்டைக்கு இஸ்திரி போட்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

திருவண்ணாமலையில் வீட்டிலிருந்தபடியே ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலை பார்க்கிறவள் அவள். காற்று மெலிந்து மின்னேறிக் கிடக்கும் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் எப்போது கலங்கும் என்று செயற்கைக்கோள்கள் தரும் எண்களை வைத்து முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அது கலங்கினால் ஜிபிஎஸ் தடுமாறும். கணவன் புகழேந்தியோ ஜிபிஎஸ் கருவி வைத்து நிலம் அளக்கிறவன். போன மாதம் அவள் பேச்சைக் கேட்டு ஒருநாள் வேலையை நிறுத்தினான். அன்று மேலே ஒன்றுமே நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தாளிகளிடம் அதைச் சொல்லி, "இவளுக்குக் கிளி ஜோசியமே தேவலாம்" என்று சிரித்துவிட்டான்.

வியாழன் பகல் பதினொன்றரைக்கு எண்கள் தாறுமாறாக ஏறின. சூரியனிலிருந்து கிளம்பிய புயல், பூமிக்கு முன்னால் காவல் நிற்கும் செயற்கைக்கோளைத் தாண்டிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் பூமியைத் தொடும். புகழேந்தி கீழ்பென்னாத்தூர் பக்கம், திருமலை, வேணு என்ற அண்ணன் தம்பிக்கு நிலத்தைப் பாகம் பிரித்து எல்லைக்கல் நடப் போயிருந்தான்.

சொல்லி, இதுவும் பொய்த்துப்போனால்? போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"பன்னெண்டேகாலுக்கு மேல அளக்காதீங்க. தப்பாக் காட்டும்."

அந்தப் பக்கம் அவன் ஆட்களைக் கொஞ்சம் நிற்கச் சொன்னான்.

"நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது. ஆனா எனக்கு பயமா இருக்கு."

"சரி, நிறுத்திடறேன்."

இரண்டு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"செல்வி, காலைல அளந்து வெச்ச புள்ளி மேலயே கருவிய நிறுத்திப் பாத்தேன். ரெண்டடி தள்ளிக் காட்டுது. அங்க கல்லு நட்டிருந்தா ரெண்டு பேரும் ஆயுசுக்கும் அடிச்சிக்கினு இருப்பாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு சொல்லி நிறுத்தினீங்கன்னு வேணு கேட்டாரு. என் வூட்டுக்காரம்மா சொன்னாங்கன்னேன். எல்லார் எதிர்லயும்தான்." குரல் தணிந்தது. "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ம்."

"நாளைக்கு எப்படி?"

"காலைல தெளிஞ்சிடும்னு நினைக்கிறேன்."

"அப்ப நீயும் வாயேன்."

மறுநாள் காலை அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள். கருவி காட்டிய புள்ளி அசையவில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கல்லைக் குழிக்குள் இறக்கினார்கள். திருமலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, மண்ணு தள்ளிடலாமா?"

அவள் புகழேந்தியைப் பார்த்தாள். அவன் அவளையே கேட்கும்படி கை காட்டினான்.

"தள்ளுங்க," என்றாள்.