மாப்பிள்ளைக்கு வந்த டிரீக்

பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் அந்தந்த வட்டாரத்தில் புழங்கும் சொற்களைக் கொண்டுவந்து உறவினர்களுக்குக் கொடுப்பது தூத்துக்குடியில் வழக்கமாகிவிட்டது. சாக்லேட் வழியிலேயே உருகிவிடுகிறது. டார்ச் லைட் இங்கேயே கிடைக்கிறது. சொல் எவ்வளவு கனமாக இருந்தாலும் விமான நிலையத்தில் அதை எடை போடுவதில்லை. சொல்லோடு அதன் அர்த்தமும் வந்து இறங்கி, வாங்கிய வீட்டில் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும்.

அபர்தீனில் நர்ஸாக இருக்கும் கெத்சீயாள் புரட்டாசி தொடக்கத்தில் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். ஸ்காட்லாந்துச் சொற்கள் அவளே சேர்த்தவை. மற்றவற்றை வார்டில் கூட வேலைபார்க்கும் வெளியூர்க்காரர்களிடம் சொல்லிவைத்து வாங்கியிருந்தாள். எது யாருக்கு என்று அம்மா நவமணியிடம் சொல்லிவிட்டு, பயணக் களைப்பில் படுத்துத் தூங்கிப்போனாள்.

நவமணி பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். இருப்பதிலேயே கனமானது டிரீக். அதை விளாத்திகுளம் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கும் கொழுந்தன் சாமுவேலுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாள் மகள். மூத்த மருமகன் ஞானதுரைக்கு என்று சொன்ன பிளெதர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. கொழுந்தனுக்குப் பெரியது, வீட்டு மாப்பிள்ளைக்குச் சின்னது என்றால் ஊர் என்ன பேசும்? நவமணி இரண்டையும் மாற்றி வைத்தார்.

ஞானதுரைக்குக் கடலோரத்தில் உப்பளம். வீடும் அளத்தின் கரையிலேயே இருந்தது. அந்த வருடத்து உப்பு முழுவதும் அம்பாரமாகக் குவிந்து லாரிக்குக் காத்திருந்தது. மழை பிடிப்பதற்குள் அதை ஏற்றி அனுப்பிவிட்டால்தான் அடுத்த உற்பத்தி வரை குடும்பம் ஓடும்.

"இந்தத் தடவ மாப்ளைக்குத்தான் பெருசு," என்று சொல்லி நவமணி பொட்டலத்தைக் கொடுத்தார். போன தடவை அவனுக்கு வந்தது ஒரு நகவெட்டி. ஞானதுரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

டிரீக் என்பது ஸ்காட்லாந்தில் ஒரு வகையான நாளுக்குப் பெயர். வானம் பிழியாத ஈரத்துணி மாதிரித் தலைக்கு மேல் தொங்கும். மழை பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. மறுநாள் காலையில் ஞானதுரையின் அளத்துக்கு மேல் மட்டும் அப்படி ஒரு நாள் விடிந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அளங்களில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. டிரீக்குக்கு வாங்கியவன் பின்னாலேயே போகும் பழக்கமும் இருந்தது. அவன் பால் வாங்கப் போனபோது கூடவே போய், பால்காரர் தலையை நனைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். டிரீக் தார்ப்பாய்க்குள் நுழைந்து அங்கேயும் தூறியது. அம்பாரத்தின் உச்சி மழுங்க ஆரம்பித்தது.

"உப்பு கரையுது, எமீ," என்றான் ஞானதுரை.

"அதுக்கு? எங்கம்மா ஆசையாக் குடுத்ததத் திருப்பிக் கொண்டுபோய் வப்பியளோ?" என்றாள் அவன் மனைவி எமீமாள். "அப்புறம் இழவுக்குக்கூட நம்மளக் கூப்பிட மாட்டாவ."

"நகவெட்டியே போதும்னு சொல்லியிருக்கணும்."

"அதுக்கும் கோவிச்சிருப்பாவ."

மற்ற வீடுகளில் எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஜாய்ஸ் டீச்சருக்கு வந்த நெஷ், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் குளிர் தாங்காத ஆளைக் குறிப்பது. அந்த வெக்கையில் டீச்சர் வீட்டில் மட்டும் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டுகொண்டார்கள். அக்கம்பக்கத்தார் மத்தியானத் தூக்கத்துக்கு அங்கே போனார்கள். இன்னொரு வீட்டுக்கு யார்க்‌ஷயரிலிருந்து ஜின்னல் வந்தது. இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஆள் ஒருக்களித்துப் போகும் சந்துக்குப் பெயர் அது. அவர்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர்தான் இருந்தது. இப்போது அந்தச் சுவருக்குள் ஒரு சந்து இருக்கிறது, சைக்கிள் நிறுத்துகிறார்கள். எலக்ட்ரீஷியன் அருமைராஜுக்குக் கார்ன்வால் பக்கத்து டிரெக்ளி. கண்டிப்பாகச் செய்கிறேன், எப்போது என்று மட்டும் கேட்காதே என்பது அதன் பொருள். அவரிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

லாரி திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்த அன்று சாமுவேல் ஃபோன் செய்தார்.

"மாப்ள, பிள்ள எனக்கு ஒரு சொல்லு குடுத்துவிட்டிருக்கு. நல்ல சொல்லுதான், குறை சொல்லல. ஆனா உழ வந்த டிராக்டர்காரன் பாதிச் சால்ல எறங்கி நின்னு பேசுதான். விதைக்க வந்த பொம்பளையளும் பேசுதாவ. நாலு ஊரு ஆளு களத்துல உக்காந்திருக்கு. நானே இப்ப எவ்வளவு நேரமாப் பேசுதேன் பாத்தீயளா? மழையும் காணோம்."

அக்கா வீட்டுக்கு வந்திருந்த கெத்சீயாள் ஃபோனை வாங்கிக் கேட்டாள். பிளெதர் என்றால் ஸ்காட்லாந்தில், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு நின்று பேசும் முடியாத பேச்சு.

"இடம் மாறிட்டு அத்தான்," என்றாள். "வாயே தொறக்க மாட்டேங்கியள்னு ஒங்களுக்குப் பிளெதர் கொண்டாந்தேன். சித்தப்பாவுக்கு ஈரம் வேணும்னு டிரீக். அம்மா கனத்தப் பாத்து மாத்தியிருப்பா."

"அத்தைகிட்ட கேக்காத," என்றான் ஞானதுரை.

வந்த பரிசைத் திருப்பிக் கொடுக்கத்தான் கூடாது. விசேஷ வீட்டுக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. ஞானதுரையின் கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் ஏழெட்டுக் கல்யாணங்களைப் பார்த்துவிட்டு, அவன் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அவனிடமே வந்து சேர்ந்திருந்தது. அவன் ஃபோனை எடுத்தான்.

"மாமா, ஞாயித்துக்கிழம உங்க வீட்டுல ஏதாச்சும் விசேஷம் வைக்க முடியுமா?"

"எனக்கென்ன விசேஷம் மாப்ள, பிள்ளையா குட்டியா?" சாமுவேல் யோசித்தார். "ஒரு கெணறு கெடக்கு. அதப் பிரதிஷ்ட பண்ணலாம்."

"தண்ணி இருக்கா?"

"தண்ணி இருந்தா எறைக்கவே நேரம் சரியாயிருக்கும். சும்மா கெடக்கதுனாலதான் விசேஷத்துக்கு ஆவுது."

ஞாயிற்றுக்கிழமை ஞானதுரை டிரீக்கைப் பரிசுக் காகிதத்தில் சுற்றி, எமீமாளோடு பஸ் ஏறினான். பஸ்ஸுக்குள் தூறத் தொடங்கியது. பெண்கள் குடையை விரித்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"இது எந்த ஊரு மழ?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஸ்காட்லாந்து."

"அங்க சொந்தம் இருக்கோ?"

"கொழுந்தியா."

"அப்ப சரி," என்று அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

வறண்ட கிணற்றைச் சுற்றிப் பந்தல் போட்டிருந்தது. பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கி, நடுவில் முன்வரிசைக்காரரிடம் பேரனுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று விசாரித்து, அதையும் சேர்த்து ஜெபித்து முடித்தார். முதல் நாற்காலியில் நவமணி உட்கார்ந்திருந்தார். எமீமாள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஞானதுரை பரிசை நீட்டியபோது சாமுவேலின் கைக்கு முன்னால் நவமணியின் கை வந்தது.

அவர் பொட்டலத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார். காகிதத்தின் ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது. பந்தலில் யாரும் பேசவில்லை. பிளெதர் வந்த பிறகு அந்தக் களத்தில் அப்படி ஒரு அமைதி அதுதான் முதல் தடவை.

"நல்ல கனமாத்தான் செஞ்சிருக்காவ," என்றார் நவமணி எல்லோருக்கும் கேட்கும்படி. "மாப்ளன்னா இப்படியில்லா இருக்கணும்."

பொட்டலம் சாமுவேலின் கைக்கு மாறியது. டிரீக் கரிசல் காட்டின் மேல் ஏறி, நாலு மூலையையும் இழுத்து விரித்துப் படுத்துக்கொண்டது. பந்திக்குப் பிறகு, "வெறுங்கையோட போவக் கூடாது மாப்ள," என்று சாமுவேல் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். அதில் தேங்காய்க்கு அடியில் பிளெதர் இருந்தது.

திரும்பும் பஸ் குறுக்குச்சாலையில் வெகுநேரம் நின்றது. டிரைவருக்கும் எதிரே வந்த பஸ் டிரைவருக்கும் பேச நிறைய இருந்தது. எமீமாள் பக்கத்து சீட்டுப் பெண்ணின் நாத்தனார் கதை முழுவதையும் கேட்டுமுடித்தாள். ஞானதுரைகூட யாரோ ஒருவரிடம் தன் கல்யாணப் பந்தல் சாய்ந்த கதையைச் சொன்னான். எமீமாளுக்கே தெரியாத விவரங்கள் அதில் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு மறுநாள் லாரியின் நினைப்பு வந்தது. சுமை ஏற்றுகிறவர்கள் பேச ஆரம்பித்தால் உப்பு நகராது. மஞ்சள் பையைக் கொண்டுபோய் அம்பாரத்தின் அடியில் கை எட்டும் ஆழத்தில் புதைத்தான். காலையில் ஆட்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றினார்கள். லாரியில் கொள்ளாத அடி உப்பு மூட்டைகள் மட்டும் கரையில் நின்றன. மஞ்சள் பை அடியில் கிடைத்தது. தேங்காய் இருந்தது. பிளெதர் இல்லை.

கெத்சீயாள் அபர்தீனுக்குக் கிளம்பிய வாரம், திண்டுக்கல்லில் மெஸ் நடத்தும் ஒருவர் ஃபோன் செய்தார்.

"உங்க உப்பு போட்ட சாம்பார் நேத்து மத்தியானம் ஒரு கதை சொல்லிட்டிருந்துச்சுங்க. பாதியில நின்னுபோச்சு. சாப்பிட்டவங்க யாரும் கை கழுவ மாட்டேங்கிறாங்க."

"எந்த எடத்துல நின்னுது?" என்று கேட்டான் ஞானதுரை.

"கிணத்தடியில, மாமியார் பொட்டலத்தைக் கையில வாங்கித் தூக்கிப் பார்க்கிற இடத்துல."

ஞானதுரை கரையில் நின்ற மூட்டைகளைப் பார்த்தான்.

"அது அடி உப்புல இருக்கும்," என்றான். "ரெண்டு மூட்ட போட்டுவிடுதேன். ரசத்துக்குப் போட்டுராதீய, சீக்கிரம் முடிச்சுரும்."